வராக்கடன்

டொலர் பறந்த வருஷத்துக்குப் பிறகு
கொழும்பில் கொம்பனிகள் மலிவு.
கோட்டையில், பதினேழாம் மாடியில்,
கடல் கண்ணில் படாதபடி கண்ணாடிக்கு முதுகு காட்டி
நாலு பேர் விலை போட்டுக்கொண்டிருந்தோம்.
அந்த மாதம் மேசையில் மூன்று:
ஒரு ஆஸ்பத்திரி, ஒரு காப்புறுதி,
கிராண்ட்பாஸில் ஒரு சவர்க்காரம்.

சவர்க்காரம் என் பங்கு.

வெள்ளைக்கொக்கு மார்க். எழுபது வருஷம்.
வாங்குகிறவர்கள் சிங்கப்பூர்.
முகங்களைக் கண்டதில்லை, கேள்விகளைத்தான் கண்டேன்,
இருநூற்றுப் பதினாலு.
கொதிகலனுக்கு வயதென்ன.
வழக்குகள் எத்தனை, எந்த நீதிமன்றத்தில்.
கொக்கை வரைந்தவர் உரிமை எழுதித் தந்தாரா.
எண்பத்தெட்டாவது:
வரவேண்டிய கடன்கள், சான்றுகளுடன்.

சான்றுகள் இல்லை.
மஃறூப் நானா இருந்தார்.

முப்பத்தொரு வருஷம் லொறியில் போனவர்,
ஆமர் வீதி தொட்டு நீர்கொழும்பு மட்டும்
முன்னூற்றுச் சொச்சம் கடை.
கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:
"மோதரை பெர்னாண்டோ முப்பத்தெட்டு.
மட்டக்குளி பாலத்தடி, பேர் வாணாம், ஆறு.
கொச்சிக்கட சரோஜினி அக்கா பன்னெண்டு,
புருஷன் மௌத்தான மாசம் நான் கேக்கல்ல."
எல்லாம் ஆயிரத்தில்.
மூன்று பிளேன்டீ ஆறும்வரை தட்டச்சினேன்.
ஒரு கோடியே பதினாறு லட்சம்.
"எழுத்தில ஏதும்?"
நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

நெற்றியை இணைப்பாக அனுப்ப முடியாது.
வராக்கடன் என்று போட்டேன். பெறுமதி பூச்சியம்.
விலை ஒரு கோடிக்கு மேல் இறங்கியது,
அபேவிக்ரம சேர் எனக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
நன்மதிப்பு என்ற வரியில் நாலு கோடி இருந்தது,
ஆனால் அது கொக்கின் படத்துக்கு.

கையகப்படுத்தல்.
இந்தச் சொல்லுக்குள் கையும் இருக்கிறது, அகமும் இருக்கிறது
என்று அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில்
இரவு பதினொன்றரைக்குப் பட்டது.
பந்தி இலக்கத்தைத் திருத்திவிட்டு மேலே போனேன்.

வெள்ளிக்கிழமை கைமாறியது.
முதலாளி யோகேந்திரா பேனா மூடியைக் கழற்றாமலே
ஒருதரம் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்,
பிறகு கழற்றிப் போட்டார்.
மஃறூப் நானாவுக்குச் சட்டப்படி நட்டஈடு,
கூட ஒரு பெட்டி சவர்க்காரம்.

அடுத்த நாள் தொடங்கி ஒன்பது நாள்
சொந்தக் காசில் த்ரீவீலர் பிடித்துக்
கடை கடையாய் ஏறி இறங்கியிருக்கிறார்.
சரக்கில்லாமல். கையில் புத்தகமும் இல்லாமல்.
"கணக்க முடிச்சிட்டுப் போகத்தான் வந்த."
தொகை எவ்வளவென்று அவர் சொல்லவில்லையாம்,
அவர்களே சொன்னார்களாம்.
சிலர் தவணை கேட்டார்கள்.
பாலத்தடிக்காரர் ஆறுக்கு ஏழு கொடுத்து
ஒன்றைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்.

பத்தாம் நாள் காலை கிராண்ட்பாஸ் கவுண்டரில்
மூன்று சீலைப் பைகள்.
எண்ணி முடியப் பகல் சாப்பாடு ஆறிவிட்டது.
தொண்ணூற்று நாலு லட்சத்துச் சொச்சம்,
பாதி நூறு ரூபாத் தாள், மீன் வாசம்.
பூச்சியத்துக்கு விற்றது பூச்சியமல்ல என்றாலும்
ஏழாம் அட்டவணைப்படி அது வாங்கினவருக்கு.
அந்த அட்டவணையை எழுதினதும் நான்தான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரே வரி: இது என்ன?
ஏனைய வருமானம், என்று பதில் எழுதினேன்.
வேறு தலைப்பு எதுவும் பட்டியலில் இல்லை.

போன கிழமை கொச்சிக்கடையில் பஸ்ஸால் இறங்கி
பெயர்ப்பலகை தேடி அந்தக் கடைக்குப் போனேன்.
ஒரு கொக்குச் சவர்க்காரம்.
உறை புதிது. கொக்கு இப்போது மற்றப் பக்கம் பார்க்கிறது.
ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினேன், அவவிடம் மாற்றில்லை.
"பிறகு தாங்கோ பிள்ளை."
பேர் கேட்கவில்லை. அடுத்த ஆளுக்குச் சீனி நிறுக்கத் திரும்பிவிட்டா.

நூற்றெண்பது ரூபா.
நாளைக்கு ஆஸ்பத்திரி ஃபைல் திறக்க வேண்டும்.